முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே ஒரு நட்சத்திரம்

என் மகள் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு புதுப் புரோகிராமை முழுதாக முடிப்பதற்கு முன்பே சிலரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார்களாம். அதற்குப் பீட்டா என்று பெயராம். "அதுல தப்பு வரும்மா. தப்பு எங்க இருக்குன்னு தெரியத்தான் கொடுக்கறதே" என்று எனக்கு விளக்கினாள். அவள் பிறப்பதற்கு முன்பே, எழுபதுகளில், தூத்துக்குடி பீச் ரோட்டு ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து அந்த வேலையை எட்டு மாதம் செய்தவள் நான். அப்போது அதற்குப் பீட்டா என்றெல்லாம் பெயர் கிடையாது. டிரையல் என்போம். மேனேஜர் இல்லாத நேரத்தில் சனியன் என்போம்.

எங்கள் கம்பெனி, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் அனுப்பும் கம்பெனி. நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்த ஒரு வருஷத்தில் என்னை மதுரைக்கு அனுப்பி அட்டையில் ஓட்டை போடும் மெஷினைப் பழகிவரச் சொன்னார்கள். அஞ்சலட்டையைவிட நீளமான அட்டை. ஓர் ஆள் ஒரு ஷிப்ட் வேலை செய்தால் அவர் பெயரில் ஓர் அட்டை. அவருடைய டோக்கன் நம்பர், நாள், ஷிப்ட், எந்தக் கப்பல் என்பதெல்லாம் அதில் ஓட்டைகளாக விழும். டோக்கன் என்பது நம்பர் வெட்டிய பித்தளை வில்லை. வேலைக்கு வருகிறவர் வாசலில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார், முடிந்ததும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கம்ப்யூட்டர் எங்களிடம் இல்லை. அது மெட்ராஸில் இருந்தது. அட்டைகளை மரப்பெட்டியில் அடுக்கிச் சாயங்கால ரயிலில் ஏற்றுவோம். நாலாம் நாள் அதே பெட்டியில் அட்டைகள் திரும்பி வரும், கூடவே நீளநீளமான தாளில் லிஸ்ட் வரும். நடுவில் எங்களுக்குப் பெரிய எதிரி கடற்காற்றுதான். உப்புக் காற்றில் அட்டை ஈரம் குடித்து உப்பிவிடும். உப்பின அட்டையை மெட்ராஸ் மெஷின் கடித்துத் துப்பிவிடும். அதனால் இரும்பு பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றைப் பகலும் இரவும் எரியவிட்டு, அந்தச் சூட்டில் அட்டைகளை வைத்திருந்தோம். பீரோவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். மத்தியானச் சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்வேன். மேனேஜருக்குத் தெரியாது.

டிரையல் தொடங்கும்போது மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்தப் புரோகிராம் இன்னும் முடியவில்லை, பிழைகள் வரும். பழைய பதிவேட்டை நிறுத்திவிட வேண்டாம், இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று கெடலாம். பிழை கண்டால் கோபப்படாமல் எழுதி அனுப்புங்கள். மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். அந்தக் 'கோபப்படாமல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் இவன், முகம் தெரியாதவன், எனக்குக் கோபம் வரும் என்று முன்கூட்டியே எழுதுகிறான்?

ஆனால் அவன் எழுதியது சரியாகப் போயிற்று. முதல் லிஸ்டில் எங்கள் ஆட்கள் பெயரெல்லாம் பாதியில் அறுந்து நின்றது. கடற்கரைக்காரர்கள் பெயர் சின்னப் பெயரா? ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், அதற்குப் பின்னால் போர்த்துக்கீசியக் காலத்திலிருந்து வரும் குடும்பப் பெயர். புரோகிராம் பெயருக்கு ஒதுக்கியதோ இருபது கட்டம். இதைச் சொன்னதும் திருத்தினார்கள். குடும்பப் பெயர் முழுதாக வந்தது, தகப்பன் பெயர் காணாமல் போனது. ஒரு வாரம் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தகப்பன் இல்லாமல் இருந்தார்கள். அதைத் திருத்தியபோது ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் வேலைக்கு வராத நாளாகக் கணக்குப் போட்டுவிட்டது. பிறகு ஒருநாள், எங்களிடம் இருந்த கிரேன் ஒன்றின் நம்பரைத் தொழிலாளி நம்பர் என்று நினைத்துக்கொண்டு, அது நாலு நாளாகச் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை என்று எழுதியது.

துறைமுக வாசலில் டைம்கீப்பராக இருந்த அண்ணாச்சியிடம் அந்த லிஸ்டைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். "ஏளா, அதுக்கு மெமோ குடுத்தாச்சா? இல்ல, வீட்டுல யாருக்கும் சொகமில்லையோ என்னமோ, விசாரிச்சுக் குடு" என்றார்.

பிழை எழுதுவதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது. நாலு கட்டம். நாள், பிழை, பதில், ஒப்புதல். முதல் இரண்டும் நான் எழுத வேண்டியது. நோட்டு அட்டைகளோடு அதே மரப்பெட்டியில் மெட்ராஸுக்குப் போகும். அங்கே புரோகிராம் எழுதியவர் மூன்றாவது கட்டத்தில் பதில் எழுதி அனுப்புவார். அது எனக்குத் திருப்தியானால் நான் நாலாவதில் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்து, முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு எரியும். பத்துக்கு எட்டுத் தடவை ஒரே பதில்தான். 'பிழை அட்டையில். புரோகிராமில் அல்ல.' அதாவது, நான் தப்பாகக் குத்தியிருக்கிறேனாம்! நான் பழைய அட்டையை எடுத்து, ஓட்டை ஓட்டையாக எண்ணி, சரியாகத்தான் குத்தியிருக்கிறது என்று திருப்பி எழுதுவேன். அடுத்த பெட்டியில், 'ஆம். பார்க்கிறேன்' என்று வரும். மன்னிப்பா, வருத்தமா, ஒன்றும் கிடையாது. தப்பு என்னுடையது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த மனுஷன் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியமே வந்துவிட்டது. ஒப்புதல் கட்டத்தில் விளக்கெண்ணெய் குடிக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

ஏழாவது மாதம் புரோகிராமில் புதிதாக ஒரு விதியைச் சேர்த்து அனுப்பினார். ஒரு டோக்கன் ஒரே நாளில் காலை ஷிப்டிலும் மத்தியான ஷிப்டிலும் அடுத்தடுத்து வந்திருந்தால் அந்த வரிக்கு நேரே ஒரு நட்சத்திரம் போடும். அசந்துபோன ஆள் கப்பலின் அடித்தட்டில் நின்றால் உயிருக்கு ஆபத்து, அதைத் தடுக்கத்தான். நல்ல விதி. ஆனால் முதல் லிஸ்டில் ஒரு வரி விடாமல் நட்சத்திரம் போட்டுக்கொண்டு வந்தது. கிறிஸ்மஸுக்கு வாசலில் தொங்கவிடலாம் போல இருந்தது. எழுதினேன். திருத்தினார். இரண்டாவது லிஸ்டில் எல்லா நட்சத்திரமும் போய் ஒரே ஒரு டோக்கனுக்கு மட்டும் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்தடுத்து மூன்று நாள், மூன்று நாளும் இரண்டு ஷிப்ட்.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மாட்டினான் என்று நினைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து பதினாறு மணி நேரம் மூட்டை தூக்குகிற மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான்? சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய், "சார், இதைப் பாருங்க, உங்க கம்ப்யூட்டர் லட்சணத்தை" என்று காட்டினேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. பேனாவால் அந்த நம்பரைத் தட்டினார். "ஒண்ணு புரோகிராம் தப்பு. இல்லேன்னா யாரோ நம்மளை ஏமாத்துதான். எதுன்னு தெரியணும். டோக்கன்ல கோல்மால்னா அந்த டோக்கனை ரத்து பண்ணிடுவேன்" என்றார். அடுத்த மாதம், வேலை நாள் கணக்கு நிறைந்த ஆட்களை நிரந்தரமாக்கி லிஸ்ட் போடப்போகிறார்கள். ரத்தான டோக்கனுக்கு அதில் இடம் இல்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. புரோகிராம்தானே தப்பு, பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. 'புரோகிராம் சரி. வருகைத் தாளைப் பார்க்கவும்.'

பார்த்தேன், அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்றே பார்த்தேன். காலை ஷிப்டுக்கு ஒரு தாள், மத்தியான ஷிப்டுக்கு ஒரு தாள், இரண்டும் வேறு வேறு கட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. வைத்தேன். மூன்று நாளும் இரண்டு தாளிலும் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. தாள்களைச் சுருட்டிக்கொண்டு டைம்கீப்பர் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, இது எப்படி? இந்த ஆளு மனுஷந்தானா?"

அவர் தாளைக்கூட வாங்கவில்லை. "ஏளா, அது ரெண்டு ஆளுல்லா" என்றார்.

"ஒரு டோக்கனுக்கு எப்படி ரெண்டு ஆளு?"

"டோக்கன் ஆளுக்கா குடுத்தது? வீட்டுக்குக் குடுத்த மாதிரிதான். அண்ணன் சங்கு குளிக்கக் கீழக்கரைப் பக்கம் போனா தம்பி வாரான். தம்பி தோணியில கொழும்புக்குப் போனா அண்ணன் வாரான். வில்லை அவன் வீட்டு ஆணியில தொங்கும். யாரு வீட்டுல இருக்கானோ அவன் எடுத்துட்டு வாரான். இங்கன பாதி வீட்டுல அப்படித்தான். நமக்கு மூட்டை எறங்கணும், அவ்வளவுதான்."

"இதை ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே."

பிறகு அவரே மீதியையும் சொன்னார். அந்த அண்ணன் நல்ல குளியாள். இந்த வருஷம் பாதிப் பருவத்தில் காதிலிருந்து ரத்தம் வந்து திரும்பிவிட்டான். இனி முங்கினால் இருக்கிற கொஞ்சக் காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டோக்கன் அவன் பெயரில்தான் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் மாறி மாறி வந்த நாளெல்லாம் சேர்ந்து அவன் பெயருக்கு நாள் நிறைந்திருக்கிறது. நிரந்தர லிஸ்டில் பெயர் வந்தால் கடலுக்குள் போகாமல் பிழைத்துக்கொள்வான். "நாளு கொறஞ்சிரக் கூடாதுன்னு அந்த வாரம் தம்பி காலையில வந்தான், இவன் மத்தியானம் வந்தான். நாளு கூடணும்னு பாத்தானுவ. கூடிப்போச்சு" என்றார் அண்ணாச்சி.

என் கையை ஒடித்து அடுப்பில் வைக்க வேண்டும் போல இருந்தது. சிவப்பு மை வேறு! மேனேஜரிடம் போய்ப் பெருமை வேறு! புரோகிராம் தப்பு பண்ணும், தப்பு பண்ணும் என்று ஏழு மாதம் காத்துக்கிடந்தவள், அது சரியாகச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைத் தப்பு என்று எழுதி, ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டேன்.

ஆபீஸுக்குத் திரும்பினால் மேனேஜர் இன்னொரு செய்தி வைத்திருந்தார். புரோகிராம் எழுதியவரையே வரச்சொல்லித் தந்தி கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வருகிறார், இங்கேயே உட்கார்ந்து பார்த்து யார் தப்பு என்று முடிவு சொல்வார்.

வியாழக்கிழமை அண்ணனும் தம்பியும் என் கவுண்டருக்கு வந்தார்கள். அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார். அண்ணனுக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். இரண்டு காதிலும் பஞ்சு. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, கடல் நடுவே நின்று கூப்பிடுகிற சத்தத்தில் பேசினார்.

"எம்மா, எனக்கு நட்சத்திரம் போட்டுருக்காமே?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "ஏண்ணே, மெதுவா" என்று தம்பி கையைப் பிடித்தார்.

"என்னது?"

எனக்கு இருந்த குற்ற உணர்ச்சி முழுவதும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "உங்களுக்கு வேற நாளே கிடைக்கலியா? ஒருத்தர் வந்தா ஒருத்தர் வீட்டுல கிடக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "வீட்டுல கெடந்தா காதுக்குள்ள கடல் இரைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. தூங்க முடியல. வேலைக்கு வந்தா அது தெரியல. அதான் வந்தேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க ஒண்ணும் களவு செய்யலியே. ரெண்டு ஆளு வேலையை ரெண்டு ஆளுதானே செஞ்சோம்?" என்று கேட்டார்.

தம்பி குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார். "எம் பேரு எங்கனயும் வர வேண்டாம், யக்கா. நான் தோணியில போயிருவேன். அண்ணனுக்கு மட்டும் அந்த லிஸ்ட்ல வந்தாப் போதும். அண்ணனால இனிமே முங்க முடியாது."

அவர்கள் போன பிறகு பீரோவைத் திறந்தேன். பல்பு வெளிச்சத்தில் அந்த மாத அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டின் மத்தியான ஷிப்ட் அட்டைகள் மூன்றையும் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கிழித்துப் போட எவ்வளவு நேரம்? ஆனால் வருகைத் தாள் இருக்கிறது. நோட்டில் என் சிவப்பு மை இருக்கிறது. அதைவிட, எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அப்பா அடிக்கமாட்டார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார். அந்த இரண்டு நாளுக்குப் பயந்தே வளர்ந்தவள் நான். அட்டைகளைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்தேன். அன்றைக்குப் பீரோவில் வைத்திருந்த சாப்பாடு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அந்தக் கையெழுத்துக்கு நான் மனதில் போட்டுவைத்திருந்த ஆள் வேறு. ஐம்பது வயசு, தங்க பிரேம் கண்ணாடி, கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு. வந்தவருக்கு என் வயசுதான் இருக்கும். ஒல்லி. எங்கள் ஊர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புரோகிராம் அட்டைகள் இருந்த பெட்டியை மெட்ராஸிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், கீழே வைக்கவே இல்லை என்றார். "நீங்கதான் சிவப்பு மையா?" என்று கேட்டார். "நீங்கதான் அந்தப் 'பிழை அட்டையில்' ஆசாமியா?" என்று நானும் கேட்டேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர், "சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன். அதுக்குள்ள ஒரு முடிவு வேணும்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் இல்லாத ஊரில் புரோகிராமை எப்படிச் சோதிப்பது? அவரே கம்ப்யூட்டராகிவிட்டார். ஒரு வெள்ளைத் தாளில் கட்டங்கள் போட்டுக்கொண்டு, புரோகிராமின் ஒவ்வொரு கட்டளையாக வாசித்து, மெஷின் என்ன செய்யுமோ அதைப் பென்சிலால் செய்தார். நான் என் அட்டையை எடுத்து நம்பர் சொல்லச் சொல்ல, அவர் எழுதுவார், அழிப்பார், எழுதுவார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு பொறுமையான மனுஷனையா ஏழு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கடைசி அட்டை முடிந்ததும் பென்சிலைக் கீழே போட்டார். முகம் பூத்துவிட்டது.

"சரியா வேலை செய்யுது மேடம்! இத்தனை மாசத்துல இப்பதான், அது கண்டுபிடிக்க வேண்டியதை அதுவே கண்டுபிடிச்சிருக்கு. நான் சொல்லாம, நீங்க சொல்லாம."

பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது.

"அது சரிதான் சார். எனக்குத் தெரியும். அது ரெண்டு பேர்."

"எது ரெண்டு பேர்?"

சொன்னேன். வீடு, ஆணி, சங்கு, தோணி, காது, நிரந்தர லிஸ்ட், நான் மேனேஜரிடம் போய்ப் பீற்றிக்கொண்டது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "ஒரு டோக்கன்னா ஒரு ஆள்னு நானே எடுத்துக்கிட்டேன். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கல சார்" என்றேன். அண்ணாச்சி என்னிடம் சொன்னது அப்படியே என் வாயில் வந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். தம்பி வாசலில் நின்றுவிட்டார். அண்ணன் நேராக வந்து மேஜைமேல் பித்தளை வில்லையை வைத்தார். "இவியதான் மெட்ராஸ்ல இருந்து வந்தவியளா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, கைகட்டி நின்றார்.

காது கேட்காதவரிடம் ரகசியம் பேசுவதுபோல் ஒரு கஷ்டம் உண்டா? புரோகிராம்காரர் முதலில் மெதுவாகக் கேட்டார். "என்னது?" என்றார் அண்ணன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். "என்னது?" மூன்றாம் தடவை கத்தினார். "இனிமே சங்கு குளிக்கப் போவீங்களா?" பக்கத்து மேஜை டைப்பிஸ்ட், தாளே செருகாத மெஷினில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தாள். ஆபீஸில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்குமே காது கேட்கவில்லை.

"டாக்டர் கூடாதுன்னுட்டாரு சார். போன வாரம்கூட ரத்தம் வந்துட்டு."

"கப்பல் அடித்தட்டுல வேலை செய்யறதுக்குக் காது வேணுமே? மேலேருந்து கத்தினா கேக்குமா?"

"கை காட்டினாப் போதும் சார், புரியும். கடலுக்கடியில எவன் பேசுதான்?" என்றார் அண்ணன். "எனக்கு இந்த வேலையை விட்டா வேற ஒண்ணும் இல்ல சார்" என்றும் சொன்னார். அதை மட்டும் எப்படியோ மெதுவாகச் சொன்னார்.

புரோகிராம்காரர் வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு மாதமாக அந்த நம்பர்களை எழுதுகிற மனுஷன், ஒரு டோக்கனைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தானாம். அதை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார். என்ன செய்யப்போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். நோட்டை நடுவில் வைத்தோம். "சொல்லுங்க. புரோகிராம் தப்பா, டோக்கன் தப்பா?" என்று கேட்டார். புரோகிராம்காரர் பேனாவைத் திறந்தார். என் சிவப்பு வரிக்கு நேரே, மூன்றாவது கட்டத்தில், எப்போதும்போல முத்து முத்தாக எழுதி மேனேஜர் பக்கம் திருப்பினார். மேனேஜர் சத்தமாகவே வாசித்தார்.

'பிழை புரோகிராமில். முழுத் தவறும் என்னுடையது.'

எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று ஏழு மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேனோ, அந்த வரி.

மேனேஜர் அவரைக் கால்மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். இங்கிலீஷில் தொடங்கித் தமிழுக்கு வந்து மறுபடியும் இங்கிலீஷுக்குப் போனார். ஏழு மாதமாகக் கிரேனுக்கு லீவு போட்டது, தகப்பன் பெயரைத் தொலைத்தது எல்லாவற்றையும் இழுத்தார். ஒரு ஏழைத் தொழிலாளி மேலே பழி விழுந்திருக்குமே என்றார். உன் கம்பெனிக்கு இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். புரோகிராம்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் சொன்னதில் பாதிக்கு அவரிடம் பதில் இருந்தது. ஒரு பதிலும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு ரத்தாகியிருக்கும்.

மேனேஜர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "இப்ப திருப்திதானே? கையெழுத்துப் போடும்மா."

போட்டேன். அந்த நோட்டில் ஒரு கேள்வியும் கேட்காமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். பொய்க்குக் கீழே போட்டேன். அதற்காக இன்று வரை ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

கிளம்பும்போது அவர் பீரோவைத் திறக்கச் சொன்னார். மத்தியான ஷிப்ட் அட்டைகள் மூன்றையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவை இல்லாவிட்டால் அடுத்த தடவை ஓட்டும்போது அந்த நட்சத்திரம் வராது. மூன்று நாள் போனாலும் அண்ணனுக்கு நாள் நிறைந்துதான் இருந்தது. "மேடம், அந்த விதியை நான் எடுக்கப்போறதில்ல. அது சரியான விதி. அடுத்த தடவை ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்தா திரும்பவும் நட்சத்திரம் வரும். சொல்லிடுங்க" என்றார்.

"நேத்தே சொல்லிட்டேன் சார்" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள், "உங்க அட்டை எல்லாமே சரியா இருந்தது. ஒரு தப்புகூட இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அடுத்த மாதம் நோட்டு திரும்பி வந்தபோது மூன்றாவது கட்டத்தில் வேறு கையெழுத்து இருந்தது. நிமிர்ந்த, உருண்டை எழுத்து. ஒவ்வொரு பதிலிலும் மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று இருந்தது. எங்கள் ஊர் வேலையை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டதாக மேனேஜர் சொன்னார். நம்ம லெட்டர் வேலை செய்திருக்கிறது என்று அவருக்குத் திருப்தி. எனக்கு அதற்குப் பிறகு சண்டை போட ஆள் இல்லை. புரோகிராமும் அநேகமாகச் சரியாகிவிட்டது.

எட்டாவது மாதக் கடைசியில் நிரந்தர லிஸ்ட் வந்தது. சுவரில் ஒட்டுவதற்கு முன்பே அண்ணன் கவுண்டருக்கு வந்துவிட்டார். தம்பி கொழும்புத் தோணியில் போயிருந்தார். லிஸ்ட் இங்கிலீஷில் இருந்ததால் நான் விரலை வைத்துக் காட்டினேன். ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர், மூன்றும் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. "இதுதான் நீங்க" என்றேன். அவர் என் விரல் பக்கத்திலேயே தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

"நட்சத்திரம் போயிட்டாம்மா?"

"போயிட்டு" என்று கை காட்டினேன்.

சிரித்தார். பிறகு உள்ளே எட்டி, அன்றைக்கு மேஜை போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். "அந்த மெட்ராஸ் தம்பி வரலியா? அவியளைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

"அவர் இனிமே வரமாட்டாரு. நம்ம வேலையிலிருந்து அவரை எடுத்துட்டாங்க" என்றேன்.

"என்னது?" என்று காதைச் சாய்த்தார்.

இரண்டாம் தடவை அதைச் சொல்லாமல், லிஸ்டில் அவர் பெயருக்கு நேரே திரும்பவும் விரலை வைத்துக் காட்டினேன்.